உப்பளத்து வளைவில் ஓர் அடையாளம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு மூன்று லாரி வாங்கியவன் நான். என் காதுக்கு எதுவும் தப்பாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாக்கில், ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும். அவர் முழங்கையில் கட்டு.

"ஏளா, நாளைக்கு நீ அந்த வளைவுல மரம் மாதிரி நிக்கணும்."

"பழைய பைக்கு ரேசுக்கு நான் வரமாட்டேன்னு சொல்லிட்டம்லா."

"கடல்ல, கரையில தெரியிற கோயிலப் பாத்து மீன் கெடக்குற எடம் பிடிக்கோம்லா? அதே மாதிரி உப்பளத்து ரோட்டுல எல்லா வளைவுக்கும் அடையாளம் வச்சிருக்கேன். அந்த ஒண்ணுக்குத்தான் இல்ல. எங்கன பாத்தாலும் வெள்ளை."

"உப்புக் குவியல வச்சிருந்தியளே?"

"லாரிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்! அதத் தேடிக்கிட்டே போயித்தான் உப்புப் பாத்திக்குள்ள விழுந்தேன்."

என் லாரிகளும் அங்கே உப்பு ஏற்றுபவைதான்; அள்ளியது என்னுடையதாகவும் இருக்கலாம்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கணவரின் முழங்கைக் கட்டை மெல்லத் தடவினார்.

"நீங்க அந்த வேகத்துல வாரத என்னால பாக்க முடியாது. கண்ண மூடிக்கிடுவேன்."

"மூடிக்க. செவப்புச் சேல கட்டிக்கிட்டு, எடத்த விட்டு அசையாம மட்டும் நில்லு. ஒன்னப் பாத்தா நான் திரும்பிருவேன்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?"