வதனியின் கணினியில் மட்டும்

திரையில் சிவப்பாகப் பிழைச் செய்தி கொட்டினால் எல்லோரும் கடைசி வரியைத்தான் வாசிக்கிறார்கள். முதல் வரியை வாசிக்க வேண்டும். கடைசியில் இருப்பது வெறும் ஒப்பாரி, செத்தது யார் என்பது மேலேதான் இருக்கும். இதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் சளைக்காமல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆட்களுக்கு உதவி செய்வதில் எனக்கு அப்படியொரு பிரியம்.

என் பெயர் ஜெராட். மட்டக்களப்பு நகரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. முதலாளி அஸ்கர் சேர். நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். ஜாவாவில் எழுதுகிறோம். ஆளாளுக்கு எழுதியதை ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, ஓடக்கூடிய ஒரே பொதியாகக் கட்டித் தருவதற்கு மேவன் என்றொரு கருவி இருக்கிறது. அப்படிக் கட்டுவதைத்தான் பில்ட் என்போம். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை, எங்காவது கோளாறென்றால் சிவப்பு. பில்ட்டைச் சிவப்பாக்கியவர் அன்றைக்கு எல்லோருக்கும் கீழே பேக்கரியில் ரோல்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். மேவனைக் கவனிக்கிறவனும் நான்தான் என்பதால் எனக்கு ரோல்ஸ் எப்போதும் சும்மாதான் கிடைத்தது.

வதனி உன்னிச்சையில் இருந்து வந்தவள். தகப்பன் வயல் செய்கிறவர். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றுக்காக நாங்கள் செய்த எச்சரிக்கைச் சேவை. மாரி காலத்தில் உன்னிச்சைக் குளம் நிரம்பி, மிகை நீரை வெளியேற்றும் வான்கதவைத் திறக்கும்போது, கீழே வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நிற்கிறவர்களின் தொலைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போகும். அவள் பில்ட் செய்ததும் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிட்டது.

“ஜெராட் அண்ணா, இஞ்ச ஒருக்கா வாங்களன். ஒரு எழுத்தும் மிஞ்சல்ல.”

எழுத்துகளை எந்த முறையில் வாசிக்க வேண்டும் என்று மேவனுக்குச் சொல்லாவிட்டால் அது தன் பாட்டுக்கு ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலம் தப்பிவிடும், தமிழ் அகப்பட்டுவிடும். நான் போய் ஒரு வரி போட்டேன். பச்சை வந்தது.

“அப்பாடா. நீங்க இல்லாட்டி நான் இண்டைக்கு அழுதிருப்பன்,” என்றாள்.

கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஆனால் அவள் கெட்டிக்காரி. செய்தியில் கேள்விக்குறி தென்பட்டால் பில்ட்டைச் சிவப்பாக்கி நிறுத்திவிடும் ஒரு சோதனையை அந்தக் கிழமையே எழுதிச் சேர்த்துவிட்டாள். வருஷம் திரும்புவதற்குள் அவள் என்னைக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. ஒருமுறை மேவன் ஒரே நிரல் நூலகத்தின் இரண்டு பதிப்புகளைப் போட்டுக் குழப்பி, நான் மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தபோது, அவள் பின்னால் வந்து நின்று பார்த்து, “இந்தப் பழைய பதிப்பத் தூக்கிப் பாருங்களன்,” என்றாள். சரியாக இருந்தது. அஸ்கர் சேர் சிரித்துக்கொண்டு, “என்னடாப்பா ஜெராட், புள்ள உனக்கு மேலால போயிட்டாள் போல,” என்றார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகுதான் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் அவளைக் கேட்டது. “உங்களுக்குத்தான் முதல்ல சொல்றன் அண்ணா,” என்று ஓடிவந்து சொன்னாள். முகம் அப்படியே பூரித்துக் கிடந்தது. எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அது பாசம்தான், வேறென்ன.

மேவனின் அழகு என்னவென்றால், அதில் இல்லாததை நாமே எழுதிச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதைப் பிளகின் என்பார்கள். அலுவலகத்துக்காக நான் ஏற்கெனவே ஒன்று எழுதியிருந்தேன். பதிப்பு எண் போடும், தேவையில்லாத கோப்புகளைக் கூட்டித் தள்ளும், அப்படிச் சில்லறை வேலைகள். எல்லோருடைய கணினியும் அதன் புதிய பதிப்பைத் தானாகவே இறக்கிக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்?

அதில் சில வரிகளைக் கூட்டினேன். பில்ட் செய்கிறவரின் பெயர் வதனியா என்று பார்க்கும். ஆமென்றால், இடைக்கிடை மட்டும், நான் அன்று போட்டுக்கொடுத்த அந்த எழுத்துமுறை வரியை மறைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் செய்தால் கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா. பிழை தேடும் விவர முறையில் ஓட்டினால் நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடக்கும்படியும் செய்தேன். தேடும்போது ஒளிந்துகொள்கிற கோளாறைத் தலைகீழாக நின்றாலும் பிடிக்க முடியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. கேள்விக்குறி வந்தால் அவள் எழுதிய சோதனையே பிடித்து நிறுத்திவிடும். பில்ட் சிவப்பாகும், அவள் என்னைக் கூப்பிடுவாள், நான் போவேன். நட்டம் ரோல்ஸ் மட்டும்தான், அதிலும் பாதியை நானே கொடுத்தேன்.

முதலில் அது பெரிய பகிடியாக இருந்தது. அடுத்த மேசை நிலோஜன் அவளைக் கண்டாலே, “வதனி அக்கா, இண்டைக்கும் மீன் ரோல்ஸா? முட்டை ரோல்ஸ் எடுங்கக்கா, வாய் கசக்குது,” என்பான். அவளும் சிரிப்பாள். பிறகு சிரிக்கவில்லை. கணினியை முழுவதும் துடைத்துப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தாள். அஸ்கர் சேரிடம் கேட்டு வேறு கணினி வாங்கினாள். பிளகின் பெயரைத்தான் பார்த்தது, கணினியை அல்ல. நான் வந்து குனிந்து விவர முறையில் ஓட்டினால் உடனே பச்சை.

“என்ன வதனி, ஒழுங்காத்தானே ஓடுது.”

“நான் என்ன பிழை விடுறன் எண்டு விளங்குதில்ல ஜெராட். எனக்கு இந்த வேலை ஏலாது போல.”

அண்ணா எப்போது கழன்று விழுந்ததென்று எனக்கே தெரியாது. “அது உங்கட மெசின்ட குணம், சும்மா வாற சிவப்பு,” என்று தேற்றினேன். “அவசரமெண்டா சோதனையத் தாண்டி ஓட்டுங்க, ஒண்டும் நடக்காது.” சோதனைகளைத் தாண்ட வைக்கும் கட்டளையையும் ஒரு துண்டில் எழுதி அவள் திரையில் ஒட்டிவிட்டேன்.

பஸ்ஸுக்கு இறங்கிப் போனவள் அலுவலகக் கதவைப் பூட்டினாளா என்று பார்க்கத் திரும்பி ஏறி வருவாள். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். கொழும்புக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். “அங்க போய் நான் அவமானப்படேலாது. இஞ்சயெண்டா நீங்க இருக்கிறீங்க,” என்றாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அந்த மாரியில் கொழும்புக்காரர்கள் விடாப்பிடியாகத் திரும்பவும் அவளோடு பேசினார்கள். ஆகவே நான் அந்த இடைக்கிடையை அடிக்கடியாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் மகள் டினுஷாவுக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கல்யாணம். பொத்துக்கொண்டு மழை. கடல் தெரியவில்லை. பேண்ட்காரர்கள் மழையைவிடச் சத்தமாக வாசித்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. வதனி அழைத்தாள். தொலைபேசி மேசையில் இருந்தது, நான் பார்த்தேன். கூப்பிட்ட உடனே எடுத்தால் மனிதனுக்கு மதிப்பு இருக்காது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு துண்டு கோழி போட்டுக்கொண்டேன். அது மேசையில் துடித்துத் துடித்து நின்றது, பிறகு மறுபடி துடித்தது.

அங்கே நடந்தது இதுதான். குளம் நிரம்பி, வான்கதவுகளை இன்னும் உயர்த்த முடிவெடுத்தார்கள். செய்தியில் புதிதாக ஒரு வட்டையின் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. செய்தியின் வாசகம் நிரலுக்குள்ளேயே இருந்ததால், ஒரு சொல்லை மாற்றுவதற்கும் புதிதாகப் பில்ட் செய்ய வேண்டும். வாசகத்தை உள்ளே வைத்தவனும் நான்தான். வெளியே வைத்தால் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள், என்னைக் கேட்க மாட்டார்கள். அலுவலகத்தில் தனியாக இருந்த வதனி பில்ட் செய்தாள். சிவப்பு. திரும்பச் செய்தாள். சிவப்பு. என்னைக் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. கூட்டமைப்பில் இருந்து அவளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் என் துண்டைப் பார்த்து, சோதனையைத் தாண்டி ஓட்டி, செய்தியை அனுப்பிவிட்டாள்.

கேக் வெட்டி முடிந்த பிறகு நான் திரும்ப அழைத்தேன்.

“என்ன வதனி, கோல் எடுத்திருந்தீங்க?”

“எல்லாருக்கும் கேள்விக்குறி போயிட்டு ஜெராட். சிவப்பு சும்மா வருது எண்டு நினைச்சிட்டன். நான்தான் அனுப்பினன்.”

நான் மடிக்கணினியோடு ஹோட்டல் நடைக்கூடத்துக்குப் போய், அந்த வரிகள் இல்லாத புதிய பிளகின் ஒன்றை ஏற்றினேன். “இப்ப ஓட்டிப் பாருங்க,” என்றேன். பச்சை வந்தது. சரியான செய்தி போனது. அழுதழுது எனக்கு நன்றி சொன்னாள். அதற்குள் தண்ணீர் வட்டைக்குள் ஏறி, அங்கே தொலைபேசிச் சமிக்ஞையும் நின்றுவிட்டது.

அநேகமான ஊர்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய வாகனம் போயிருந்தது, ஆட்கள் தப்பிவிட்டார்கள். வதனியின் ஊர்க்காரர் கோணாமலை மட்டும் வட்டைக்கு நடுவே தன் வாடியில், காவல் குடிசையில், மாடுகளோடு இருந்தார். அங்கே வாகனம் போகப் பாதை இல்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவரைக் கண்டெடுத்தார்கள்.

அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்தார். வாடிக் கூரையில் செருகிக் கிடந்த அவரது தொலைபேசியை ஒரு பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நேரே வதனியின் மேசைக்குத்தான் வந்தார்.

“மகள், இது வந்த உடன அவர் எனக்குக் கோல் எடுத்தவர். ‘என்னவோ வந்திரிக்கு, எல்லாம் கொளுக்கி கொளுக்கியாக் கிடக்கு, பின்னேரம் வந்து வதனிட்டக் காட்டுவம்’ எண்டார். மறுகா கோல் இல்ல. இதுல என்ன மகள் எழுதிக் கிடக்கு? வாசிச்சுச் சொல்லு.”

வதனி தொலைபேசியை வாங்கினாள். திரை முழுக்கக் கேள்விக்குறி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். “வான்கதவு உயர்த்தப்படுகிறது. வட்டையில் நிற்பவர்கள் மாடுகளை அவிழ்த்து விட்டு, உடனே மேட்டுக்குப் போகவும்.”

“இவ்வளவுதானா?”

“ஓம் பெரியம்மா. இதைக் கெடுத்து அனுப்பினது நான்தான்.”

அந்த மனுசி ஏசவில்லை. தொலைபேசியைத் திரும்பப் பையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் வதனிக்குப் பக்கத்தில் நின்று அவளுடைய கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் என்று நினைத்தேன்.

விசாரணை வைத்தார்கள். யார் பில்ட் செய்தது, யார் சோதனையைத் தாண்டியது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் வதனி தன் பெயரைச் சொன்னாள். துண்டை எழுதியவன் நான் என்று சொல்லவில்லை, அப்படிப்பட்ட பிள்ளை. கருவியில் கோளாறு உண்டா என்று பரிசோதித்துச் சொல்லும்படி என்னைத்தான் கேட்டார்கள். இல்லை என்றேன். நான் பரிசோதித்தபோது இருக்கவில்லை. அஸ்கர் சேர் கண்கலங்கித்தான் அவளை வேலையில் இருந்து நிறுத்தினார்.

ஊருக்குள் அவளால் தலைகாட்ட முடியவில்லை. நான் பெண் கேட்டுப் போனேன். கிறிஸ்தவ வேதக்காரனுக்குப் பெண் கொடுக்க முந்தியென்றால் அவளுடைய தகப்பன் சம்மதித்தே இருக்க மாட்டார். அன்றைக்கு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பதிவுத் திருமணம் செய்தோம். மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினேன்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். நன்றாகச் சமைப்பாள், அடுப்பை அணைத்தாளா என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சென்ற மாதம் என்ன நினைத்தாளோ, பழைய மடிக்கணினியைத் தூசு தட்டி எடுத்து, மேவனை இறக்கி, தன் பாட்டில் ஏதோ எழுதத் தொடங்கினாள். தினமும் பில்ட் செய்தாள். தினமும் பச்சை.

“ஜெராட், ஒருக்காவும் பிழைக்கல்ல,” என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலம். “நான் அவ்வளவு மோசமில்ல, என்ன?”

கொழும்புக்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். வீட்டில் இருந்தே செய்யலாமாம். திங்கட்கிழமை திரையில் நேர்முகம், அவர்களுக்கு முன்னால் ஒன்றைக் கட்டிக் காட்ட வேண்டும். குசினிக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அங்கே போய் ஏதாவது பிழைத்துவிட்டால் இந்தப் பிள்ளை தாங்குவாளா? கொழும்புக்காரர்கள் என்னைப் போலப் பொறுமையானவர்களா? அவள் குளிக்கப் போன நேரம் மடிக்கணினியைத் திறந்தேன். சில வரிகள்தானே.

திங்கட்கிழமை அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் அவளுக்குச் சிவப்பு வந்தது. திரையை மூடிவிட்டு வந்து என் தோளில் விழுந்து, “நான்தான் அந்த மனுசனச் சாகடிச்சன், எனக்கு ஒண்டுக்கும் கை ஒத்துவராது,” என்று தேம்பினாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். கோணாமலையைக் கொன்றவன் நான்தான், அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இப்படி உடைந்து போயிருக்கிற ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற மனிதன் நான் இல்லை.