தொடாத சரிவு

மாலை நான்கு மணிக்கு நான் தேநீர் குடிப்பேன். சீனி போடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் மாத்தளையில் என் வாடகை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே மழை.

என் வேலையைப் பற்றி முதலில் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். படங்களைப் பார்த்து விளங்கிக்கொள்ளக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என் ஆராய்ச்சி. மலைச்சரிவில் வெள்ளைப் பூச்சு அடித்த கற்களை நடுவோம். எதிரே ஒரு கம்பத்தில் கெமரா இருக்கும். கற்கள் நகர்கின்றனவா என்று கணினி படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் பார்க்கும். மண் சரியப்போகிறது என்று அது முடிவு செய்தால் கம்பத்திலுள்ள சைரன் ஒலிக்கும்.

மனிதர்கள் அசைந்தால் கணக்குக் குழம்பும். கொடியில் காயும் துணி அசைந்தாலும் குழம்பும். ஆகவே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் தெரியும் மூலையை நான் கறுப்பாக மறைத்துவிடுவேன். அங்கே வீடுகள் இருப்பது கணினிக்குத் தெரியாது.

நான் பிறந்தது அப்படி ஒரு லயத்தில்தான். பலாபத்வலயிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு. கலாநிதிப் பட்டம் பெற்றபோது கோயில் திருவிழா நோட்டீஸில் என் பெயரைப் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்கு இருந்தது ஒப்பந்த வேலை. நல்ல மாநாடு ஒன்றில் கட்டுரை வந்தால் நிரந்தரமாகும். வராவிட்டால் ஒப்பந்தம் முடியும். லயத்துக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது. நோட்டீஸில் பெயர் போட்டவர்கள் யாரையும் திரும்பிவர விடுவதில்லை.

முதல் கெமராவை மேல்பிரிவில் வைத்தேன். அடைமழையில் சைரன் ஒலித்தது. சனங்கள் மண்வெட்டியோடு ஏறிப் போய்த் தண்ணீர் வடியக் கான் வெட்டினார்கள். தார்ப்பாய் விரித்தார்கள். சரிவு நின்றது. பத்திரிகையில் படம் வந்தது. ஆனால் கட்டுரை திரும்பி வந்தது. சரிவு விழவே இல்லையே, எச்சரிக்கை சரியானது என்று எப்படித் தெரியும் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார்.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது நியாயம். விழாத சரிவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. கணினி படித்துப் பழகும் படங்கள் வேறு, அதைச் சோதிக்கும் படங்கள் வேறு. சோதனைப் படங்களைத் தொடக்கூடாது. முடிவு வரும்வரை பார்க்கவும் கூடாது. பரீட்சைத் தாளை முன்னரே காட்டிப் படிப்பித்தால் மாணவன் எடுக்கும் புள்ளிக்கு மதிப்பில்லை. அதைப்போலத்தான்.

ஆகவே கீழ்ப்பிரிவுக்குப் பின்னாலுள்ள சரிவைத் தொடாத சரிவாக வைத்தேன். கம்பங்கள் எல்லாம் ஒரே அச்சில் செய்யப்பட்டவை. அந்தக் கம்பத்திலும் சைரன் இருந்தது. வயரை மட்டும் இணைக்கவில்லை. கணினி சொல்வதெல்லாம் பூட்டிய கோப்புறை ஒன்றுக்குள் போய்ச் சேரும். சைரன் ஒலித்தால் சனங்கள் ஏறுவார்கள், கான் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சரிவால் எனக்குப் பயனில்லை.

என் ஆராய்ச்சி மாணவி ஸில்மியா ஒருமுறை பஸ்ஸில் வைத்துச் சொன்னாள்.

"சேர், இதுக்கும் சைரனை மாட்டிருவோமே. பேப்பருக்கு வேற ஏதாவது பாப்போம்."

இந்தக் கட்டுரை இல்லாமல் அவளும் பட்டம் முடிக்க முடியாது என்பதை நினைவுபடுத்தினேன். மாத்தளை வரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மீது குற்றமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் அந்தச் சரிவு என்று கேட்டீர்கள். வேறு தோட்டமென்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இங்கே நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை. லயத்தில் என் அக்கா சந்திரகாந்தாவின் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்த கணபதி அண்ணன்தான் கம்பத்துக்குக் குழி வெட்டினார். கெமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, இது மலையவே பாக்குது? எங்க மூஞ்சி அவ்வளவு மோசமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழை வலுத்தால் கீழ்ப்பிரிவில் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. கான் நிரம்பி வழிந்தால் கிளம்புவார்கள். சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன்.

"அப்ப இனிமே மழைக்கு ஸ்கூலுக்கு ஓட வேணாம்தானே?" என்றார் கணபதி அண்ணன். மேல்பிரிவுச் சைரனை அவரும் கேட்டவர்.

"கெமரா பாத்துக்கிட்டே இருக்கும் அண்ணே" என்றேன்.

அது பொய்யில்லை. கெமரா ஒரு கணமும் நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை கோப்புறையை ஒருமுறை திறந்தேன். மறைக்கவில்லை. மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது, படங்கள் பதிவாகின்றனவா என்று தெரிய வேண்டியிருந்தது. பதிவாகியிருந்தன. பக்கத்தில் கணினி போட்ட எண்கள் இருந்தன. கண்ணில் படுவது வேறு, பார்ப்பது வேறு. நான் பார்க்கவில்லை. உடனே மூடினேன்.

ஞாயிறு காலை அக்காவை அழைத்து, தோரா மீன் வாங்கியிருக்கிறேன், எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்றேன். தம்பி வீட்டுக்கு அக்கா வருவதில் விசேடம் ஒன்றுமில்லை. இந்த மழையில் எப்படி என்று தயங்கினாள். வாடகை வேன் ஓட்டும் ஜவாஹிரை அனுப்புவதாகச் சொன்னேன். அப்போது அவள் கேட்டாள்.

"கணபதி அண்ணன் மக தர்ஷிகாவும் வர்றேங்கிறா. கூட்டிக்கிட்டு வரவா?"

மீன் அளவாகத்தான் இருக்கிறது என்றேன்.

அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் வந்தார்கள். பெரிய வேன். பின் ஆசனங்களில் யாருமில்லை. சாப்பிட்டதும் கிளம்பப் பார்த்தார்கள். மழை விடட்டும் என்று இருத்தி வைத்தேன். பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்தார்கள். அத்தான் கதிரையிலேயே தூங்கிவிட்டார். நான்கு மணிக்குத் தேநீர் போட்டேன். குடித்து முடிப்பதற்குள் அக்காவின் தொலைபேசி ஒலித்தது. சரிவு கீழ்ப்பிரிவு லயத்தின்மேல் இறங்கிவிட்டது என்றார்கள்.

கணபதி அண்ணன் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அந்த வரிசையில் ஆளில்லாமல் இருந்தது அக்காவின் காம்பரா மட்டும்தான். மழையென்று எல்லோரும் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். கான் நிரம்பி வழிந்தபோது கணபதி அண்ணன் வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார்த்தாராம். சைரன் அடிக்கவில்லை, நீங்களெல்லாம் உள்ளே போங்கள் என்று பக்கத்துக்காரர்களிடமும் சொன்னாராம். மண்ணிலிருந்து உயிரோடு எடுத்த ஒரு பெண் அதைச் சொன்னாள்.

அடக்கம் முடிந்த பிறகு முறைப்படி கோப்புறையைத் திறந்தேன். கணினி சரியாகச் சொல்லியிருந்தது. சனிக்கிழமை காலையிலேயே சொல்லத் தொடங்கிவிட்டது. இவ்வளவு முன்னதாகச் சொன்ன முறை வேறு எதையும் நான் அறியேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அதிலுள்ள படத்தில் சரிவு இறங்குவது தெளிவாகத் தெரியும். வலது மூலை கறுப்பு.

சைரன் வயரை இணைக்காதது நான். கெமரா பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அவர்களை உள்ளே இருக்க வைத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு முன்பே தெரியும் என்று எழுத வேண்டாம். முடிவு வரும்வரை சோதனைப் படங்களைப் பார்க்காதவன் நான். என் துறையில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நேர்மை ஒன்றுதான். இப்போது எல்லாக் கம்பங்களிலும் வயர் இணைத்தாகிவிட்டது. இனி எத்தனை லயங்கள் தப்பும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போக இடமில்லாமல் அக்கா குடும்பம் என் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு அறைகள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறையில் இருப்பேன். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் அக்காவைக் கடந்துதான் போக வேண்டும். அடக்கத்திலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் கதவுக்கு வெளியே வைப்பாள்.

நீங்கள் என்னை அழைத்துவர வந்த அன்று மாலை நான்கு மணிக்கு அவளே கதவைத் திறந்து தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையை மேசையில் வைத்தாள். போகவில்லை. வாசலை மறித்து நின்றாள்.

"தம்பி, அன்னைக்கு எங்கள மட்டும் ஏன் சாப்பிட கூப்பிட்ட?"