சாயப்பட்டறைப் புகையில் ஓடிய ஏசி

ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க, இன்ஸ்பெக்டரய்யா. காத்து நேரா மூஞ்சியில அடிச்சா எனக்குத் தடுமன் புடிச்சுக்கும்.

கருமத்தம்பட்டியில இருக்கற அந்தக் கட்டடம் எங்களுதுதானுங்க. பையன் ரித்விக் தோட்டத்தை வித்துக் கட்டினது. பசுமைக் கட்டடம்னு சான்று இருந்தாத்தான் வாடகைக்கு வருவோம்னு கம்பெனிக்காரங்க சொல்லிப்போட்டாங்க. அதுக்குத்தான் பக்கத்துச் சாயப்பட்டறையில வீணாப் போற பாய்லர் புகையைப் பெரிய குழாயில கொண்டாந்தோம். சூட்டுல ஓடற தனி மாதிரி மிஷினுங்க, அந்தச் சூட்டுலயே எங்க ஏசி ஓடும். கரண்ட் வேண்டியதில்லை.

அன்னைக்கு ரித்விக் ஊர்ல இல்லை. பட்டறையில வேலை செய்யற ஆறுச்சாமி குழாய்க்குள்ள கரி சொரண்ட இறங்கினாரு. கைப்பிடியைத் திருப்பி எங்க பக்கத்து அடைப்பை மூடிட்டா, புகை குழாய்க்கு வராம அவங்க சிம்னி வழியாப் போயிருமுங்க. அப்படி மூடிட்டுத்தான் இறங்கினாரு.

"ஏனுங்கம்மா, நான் வெளிய வர்ற வரைக்கும் கைப்பிடியைத் தொட்டுப்போடாதீங்க. சுட்ட கறியாயிருவேன். எம்பொண்டாட்டிகூடத் தொடமாட்டா."

"போப்பா, உன்னை வேக வெக்க ஆரு வெறகு வாங்கறது."

ரெண்டு பேரும் சிரிச்சோம்.

மத்தியானம் வர்றதாச் சொன்ன நந்திதா, சான்றுக்குச் சோதிக்க வர்ற புள்ளை, காலையிலயே வந்துபோட்டுது. கார் சத்தம் கேட்டதும் ஆறுச்சாமி இறங்கின குழாய்க் கதவைச் சாத்தினேன். உள்ள ஒரே கரி, பார்க்க நல்லா இருக்காதுங்களே.

"ஏசி ஓடலியே ஆன்ட்டி. நெனச்சப்பச் சூடு வராதுன்னா, இதைக் கணக்குல சேர்க்க முடியாதே."

"வரும் கண்ணு."

உள்ள ஆள் இருக்காருன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, கரி சொரண்டற நாளெல்லாம் சூடு நின்னுபோகும்னு எழுதிப்போடும். கம்பெனி வராது. தோட்டமும் கையில இல்லை. நான் என்னங்க பண்ணுவேன். கைப்பிடியைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்துல ஜில்லுன்னு காத்து வந்துச்சு.

"சூப்பர் ஆன்ட்டி"ன்னுச்சு. அப்புறம் தலையைச் சாய்ச்சுக் கேட்டுச்சு. "குழாய்ல யாரோ தட்டற மாதிரி இருக்குதே?"

"சூடு ஏறினாத் தகரம் அப்படித்தான் கண்ணு தட்டும்."

படிச்ச புள்ளை, சரின்னு தலையாட்டிச்சு.

தட்டறது தானா நின்னுபோச்சு. அப்பத்தானுங்க எனக்கு நிம்மதியாச்சு. ஆறுச்சாமி வெளிய வந்துட்டாருன்னுதான் நெனச்சேன். அவரு வெளிய வர இருந்தது அந்த ஒரு கதவுதான். அதுக்கு முன்னாலதான் நாங்க நின்னுக்கிட்டிருந்தோம். வெறுமனே சாத்தினா அது தெறந்துக்குமுங்க, அதனால தாழும் போட்டிருந்தேன்.