காபிக்கு முன்னால் அளந்த பனி

மேடையில் இருக்கும் போதகர் அவர்களே, மின் அலுவலக இன்ஜினியர் எய்விந்துர் அவர்களே, கேக்கில் ஒரு கண்ணும் ஜன்னலில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம். ஜன்னலைப் பார்ப்பதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்று நாம் அடக்கம் செய்துவிட்டு வந்த ரான்வெய்க் அம்மையார் யார்? ஆடு வளர்த்தவர் என்பீர்கள். ஐஸ்லாந்தின் இந்த வடகரைக்கே கரண்டைக் காத்தவர் என்பேன் நான். இருபத்தாறு வருடம், ஒவ்வொரு புயலுக்கும் மலைமுகட்டில் ஏறி, மின்கம்பியில் உறைந்து உதிர்ந்த பனி எத்தனை தடிமன் என்று அளந்து எழுதினார். யாருக்கு வரும் அந்தப் பொறுமை? எனக்கு வராது. அவருக்கு முன்னால் அளந்தவன் இந்தப் பார்துர், நான்தான்; தெரிந்துதான் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் பதினொரு சென்டிமீட்டர் என்று எழுதினார். எய்விந்துர் சிரித்தார். "பார்துர் காலத்துல எட்டுக்கு மேல போனதே இல்லியேம்மா. கண்ணாடிய மாத்துங்க" என்றார். அம்மையார் என்ன செய்தார்? அந்தப் பனித்துண்டை ஆட்டுக்கறியோடு ஃப்ரீசரில் போட்டு, மறுநாள் எய்விந்துர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தார். "கண்ணாடிய நீ போட்டுக்கோ தம்பி" என்றார்.

ஒரு துண்டை நம்பி நாற்பது கம்பத்தை மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த முறை பனி உறைந்த பிறகு காற்று அடிக்கவில்லை, கம்பங்கள் சாயாமல் தப்பித்தோம்.

திரும்பும்போது, கூடப் போயிருந்த என்னை வண்டியில் கேட்டார், "நீ எங்க வச்சு அளந்த?"

"எங்க வீட்டு அடுப்படிலதான். அந்தக் குளிர்ல எவன் நிப்பான்? துண்டக் கொண்டாந்து, ரெண்டு காபி குடிச்சிட்டு..."

வண்டியை நிறுத்திவிட்டார். "உருகின பனிய அளந்திருக்கியேடா பாவி. அந்த அளவ வச்சுத்தானே கம்பம் நட்டாங்க. நீயே போய்ச் சொல்லு. உன்னக் காட்டிக்குடுக்க எனக்கு மனசு வராது."

எத்தனை நாள் காத்திருந்தார்? பார்க்கும்போதெல்லாம் "சொல்லிட்டியா?" என்பார். "அடுத்த வாரம்" என்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டார். அங்கேயும் அடுத்த வாரம் என்றேன்.

இதோ, அடுத்த வாரம் வந்துவிட்டது.

முகட்டில் நிற்கும் கம்பங்கள் என் அடுப்படியில் உருகிய பனிக்குக் கணக்குப் போட்டு நட்டவை. அவை சாய்ந்தால் ஒரு வாரம் கரண்டு வராது. முதியோர் இல்லத்தில் ஆக்சிஜன் மிஷினோடு மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். ஒருத்தி என் அக்கா. டீசல் ஜெனரேட்டர் இரண்டு நாளைக்குத் தாங்கும், ஒரு வாரத்துக்குத் தாங்குமா?

இங்கே வருமுன் முகட்டுக்குப் போனேன். கம்பிக்கு அடியில் நின்றே அளந்தேன். ஒன்பதரை சென்டிமீட்டர். வடக்குக் காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது.

அம்மையார் விட்டுப்போன அளவுகோலை இனி நான் எடுத்துக்கொள்கிறேன். பனியிலேயே நின்று அளப்பேன். எய்விந்துர் அவர்களே, திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரைப் போடச் சொல்லிவிட்டு முகட்டு லைனை நிறுத்துங்கள். தடி பிடிக்கத் தெரிந்தவர்கள் கோட்டை மாட்டுங்கள், கம்பியைத் தட்டிப் பனியை உதிர்ப்போம். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

காபி இருக்கட்டும். வந்து குடிக்கலாம்.