மெத்தை வைத்த கதிரை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் மாலை பஸ். எனக்கு முன்னால் ஹபாயா அணிந்த இரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். மூத்தவர் புடவைக் கடையில் வேலை செய்பவர்.

"எங்கட முதலாளி இன்னொரு கதிரையும் வாங்கித் தந்திட்டாரு புள்ள. இனிக் கஷ்டந்தான்" என்றார்.

"கதிரை தந்தா என்ன கஷ்டம் ராத்தா?"

எனக்கும் அதே கேள்விதான்.

"நிண்டு நிண்டு கால் வீங்குதெண்டு கேள்விப்பட்டு முதல்ல ஒண்டு தந்தாரு. ஒருத்தரும் அதுல இரிக்கல்ல. அவரு முன்னுக்கு நிக்கக்குள்ள எப்பிடி இரிக்கிற? சாறிய மடிச்சி அதுல அடுக்கி வெச்சம்."

"ஏசினாரா?"

"இல்ல. கதிரை புடிக்கல்லயாக்கும் எண்டு நினைச்சி, மெத்தை வெச்ச ஒண்டு கொண்டந்திட்டாரு. நல்ல மனிசன்."

"இப்ப அதுல ஆரு இரிக்கிற?"

"பிளவுஸ் துணி."

நிந்தவூரில் பலர் இறங்கியதும் அவர்களுக்குப் பக்கத்தில் இருவர் அமரும் இருக்கை ஒன்று காலியானது. இளையவள் ஜன்னலோரம் அமர்ந்தாள். மூத்தவர் கம்பியை விடவில்லை.

"ராத்தா, முதலாளி இந்த பஸ்ஸிலயும் வாறாரா?"

அவர் முன்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு இருக்கையின் நுனியில் மட்டும் அமர்ந்தார்.