ஒரு பக்கக் கழுத்துவலி

எழிலரசி: ...கையை எடும்மா. எங்க வலிக்குதுன்னு நானே கண்டுபுடிக்கிறேன். இங்கயா?

தேவிப்பிரியா: ஆ... அங்கதான் டாக்டர்.

எழிலரசி: டாக்டர்லாம் வாணாம், பிசியோ. எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான். நாலரை வருசம் படிச்சேன். எங்க ஊரு வெள்ளானூர்ல இன்னமும் ‘கை கால் புடிச்சு வுடுற பொண்ணு’ன்னுதான் சொல்றானுங்க. நீ அக்கான்னே கூப்டு. சைக்கிள் ஓட்டுறேன்னியே, எவ்ளோ நேரம்?

தேவிப்பிரியா: ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். வானகரத்துல கிளம்பி பைபாஸ்ல...

எழிலரசி: வானகரமா? அங்கேர்ந்து திருநின்றவூருக்கு வந்தியா கழுத்தைக் காட்ட? வழியில நாலு கிளினிக் கீதே!

தேவிப்பிரியா: நீங்க நல்லா பாப்பீங்கன்னு... சொன்னாங்க.

எழிலரசி: யாரு?

தேவிப்பிரியா: கூட ஓட்டுறவங்கதான்... ஆ! மெதுவாக்கா!

எழிலரசி: சைக்கிள் போட்டோ வெச்சிருக்கியா? காட்டு... ம். ஹேண்டில் சீட்டை விடக் கீழ கீது. இப்டி குனிஞ்சா கண்ணுக்கு முன்சக்கரம்தான் தெரியும். அப்போ ரோட்டைப் பாக்க இன்னா பண்ணுவ?

தேவிப்பிரியா: தலையைத் தூக்குவேன்.

எழிலரசி: ரெண்டு மணி நேரம் தூக்கிகினே வர்ற. தலை அஞ்சு கிலோ. அத்தினி கனத்தையும் பிடரிச் சதைதான் தாங்குது. கையையும் விறைப்பா நீட்டிகினு வந்தீன்னா, ரோட்டு அதிர்ச்சி நேரா தோளுக்கு ஏறும்.

தேவிப்பிரியா: ஹேண்டிலை ஏத்திட்டா சரியாயிடுமா?

எழிலரசி: அப்டித்தான் நெனச்சேன். எங்க ஊட்டுக்காரருக்கும் இதே ரோதனை. ரெண்டு தபா ஏத்திக் குடுத்தேன். போவல. தெனமும் தைலம் தேய்க்கிறேன்.

தேவிப்பிரியா: ஓ... அவரும் ஓட்டுவாரா?

எழிலரசி: ஞாயித்துக்கிழமையானா ஆளு ஊட்ல தங்குறதில்ல. நானும் வரேன்னேன். பைபாஸ்ல லாரி வரும், உனக்கு சரிப்படாதுன்னுட்டாரு. ரயில்ல தொங்கிகினு போய்ப் படிச்சவ நான், எனக்கு லாரி பயமாம்! அத்த வுடு. வலி ரெண்டு பக்கமுமா?

தேவிப்பிரியா: வலப்பக்கம் மட்டும்.

எழிலரசி: மட்டுமா?... இங்க அழுத்துறேனே, இடப்பக்கம்?

தேவிப்பிரியா: ஒண்ணுமே இல்ல.

எழிலரசி: குனிஞ்சு ஓட்டுற வலின்னா ரெண்டு பக்கமும் வரணும். ஒரு பக்கம்னா... நீ அந்தப் பக்கமே திரும்பிகினு வர்ற.

தேவிப்பிரியா: அது... எங்க குழுவுல ஜோடி ஜோடியாத்தான் போவோம். புதுசா வந்தவங்க ரோட்டோரமா. பழகினவங்க அவங்களுக்கு வலப்பக்கம், லாரி வர்ற பக்கமா.

எழிலரசி: ஜோடி...

தேவிப்பிரியா: ரெண்டு ரெண்டு பேரான்னு சொல்ல வந்தேன்க்கா.

எழிலரசி: உன் பக்கத்துல யாரு?

தேவிப்பிரியா: ஒருத்தர்.

எழிலரசி: ஆளு மாறுமா?

தேவிப்பிரியா: இல்ல... எப்பவும் அவருதான்.

எழிலரசி: பேசிகினே வருவீங்க.

தேவிப்பிரியா: அவருதான் பேசுவாரு... அக்கா, நகம் குத்துது!

எழிலரசி: குத்தட்டும். எங்க ஊட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் வலின்னு கேக்க மாட்டியா நீ? இடப்பக்கம்! இடப்பக்கம் மட்டும்! நாலு மாசமா அந்த ஹேண்டில் மேல பழியைப் போட்டுகினு கீறேன். நீ குழுவுல சேந்து எத்தினி மாசம்?

தேவிப்பிரியா: ...நாலு.

எழிலரசி: பேரைச் சொல்லு.

தேவிப்பிரியா: ஹேமநாதன் சார்.

எழிலரசி: என் புருசன் அவரு.

தேவிப்பிரியா: தெரியும்க்கா.

எழிலரசி: தெரிஞ்சேவா என் கையில கழுத்தைக் குடுத்த? இன்னா நெஞ்சழுத்தம் உனக்கு! ஊட்ல நாலு வார்த்தை பேசாத மனுசன். ரெண்டு மணி நேரம் உன்கிட்ட அப்டி இன்னாதான் பேசுறாரு? வாயைத் தொற!

தேவிப்பிரியா: எழில் ரயில்ல தொங்கிப் போய்ப் படிச்சா... எழில் கை பட்டா வலி பறந்துடும்... எழிலை இந்த லாரிங்களுக்கு நடுவுல விட எனக்கு மனசு வரலம்மா... இதேதான்க்கா, நாலு மாசமா. என்னை அந்த லாரிங்க நடுவுல விட மட்டும் அவருக்கு மனசு வந்திருக்கு. அப்படி யாருதான் அந்த எழில், ஒரு தடவை பாத்துடலாம்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் மூஞ்சியைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வர்றேன்... இன்னைக்காவது பேச்சை மாத்த மாட்டாரான்னு.