மகளுக்குச் செய்த துப்பாக்கி

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே இரண்டு பேர். ஒருவர் மடியில் நீளமான பை.

"துப்பாக்கிய அங்கிட்டு தள்ளு மாப்ள, கால் மரத்துப்போச்சு" என்றார் மற்றவர்.

டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏர்கன்தாண்ணே. மக போட்டியில சுடுறது" என்றார் பை வைத்திருந்தவர்.

நான் கீரைக்கட்டை அணைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன்.

"கம்பெனி துப்பாக்கியே வாங்குன்னு சொன்னேன்ல?"

"அவ அளவுக்குச் செஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சேன் மச்சான். குழலு தனியா வாங்கி, ஆசாரிகிட்ட கட்டை கடைஞ்சு, கன்னம் பதியக் குழியெல்லாம் எடுத்து, போட்டியன்னைக்குத்தான் கையில குடுத்தேன்."

"எந்தக் கைன்னு கேட்டியா?"

"சோத்துக்கைக்குத்தான செய்வாக! பீச்சாங்கைப் பழக்கத்த சின்னதுலயே அடிச்சு மாத்திட்டோம்னு நெனச்சேன்."

"அவ சுடுறத ஒருநா போயிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பைக்காரர் மூடியிருந்த ஜிப்பையே மறுபடி மூடினார்.

"இடது தோள்ல வச்சா கன்னமே பதியல. தோத்துட்டா."

"திட்டுனாளா?"

"இல்ல. வீட்டுக்கு வந்து, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பீச்சாங்கையால சோறு தின்னா."

"நீ என்ன செஞ்ச?"

"இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துனேன்."